ஸ்டாக் பெடிங்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

ரைஃபிள் ஸ்டாக் பெடிங் பற்றி மட்டும் பதில் எழுதுகிறேன்: ஆக்‌ஷன் (போல்ட் ஓடும் உலோக உடல்) ஸ்டாக்கில் (தோளில் வைத்துப் பிடிக்கும் பகுதி) அசையாமல் உட்காரச் செய்யும் வேலை. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் புனைபெயர். எந்த ஸ்கோப் வாங்கலாம், எந்தத் தோட்டா நல்லது என்பதெல்லாம் என் வேலை இல்லை. ஸ்க்ரூவில் கை வைக்கும் முன் தோட்டா அறை காலியா என்று கண்ணாலும் பாருங்கள், விரலாலும் பாருங்கள். போல்ட்டைக் கழற்றித் தனியே வையுங்கள்.

வால்நட்: மர ஸ்டாக். மழைக்காலத்தில் ஒரு இடத்தில் அடிக்கிறது, வெயில்காலத்தில் வேறு இடத்தில். பெடிங் செய்தால் தீருமா?

பாதி தீரும். மரம் ஈரத்தை உறிஞ்சினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஆக்‌ஷன் உட்காரும் இடமே மாறிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு சுடுதலுக்குப் பிறகும் அது பழைய இடத்துக்குத் திரும்பாது. ஆக்‌ஷனின் அடிப்பாகத்தை அச்செடுத்த மாதிரி எபாக்ஸியில் (இறுகும் பிசின்) ஒரு கெட்டியான படுக்கை போடுவதுதான் பெடிங். அதோடு ஆக்‌ஷன் ஸ்க்ரூ போகும் துளைகளில் அலுமினியம் அல்லது எஃகு பில்லர் (சிறு உலோகக் குழாய்) வைத்துவிட்டால், ஸ்க்ரூவை முறுக்கும்போது மரம் நசுங்காது. ஸ்க்ரூவின் தண்டு பில்லரின் உட்சுவரில் உரசக் கூடாது. உரசினால் ரிகாயிலை (சுடும்போது பின்னோக்கி வரும் உதை) அந்த ஸ்க்ரூ தாங்கத் தொடங்கிவிடும்.

அந்தச் சுமை போக வேண்டிய இடம் ரிகாயில் லக், அதாவது உதையைத் தாங்கும் முட்டு. அதன் பின்முகம் எபாக்ஸியில் முழுக்கப் படிய வேண்டும். முன்புறம், இரு பக்கம், அடிப்புறம் மூன்றிலும் டேப் ஒட்டி மெல்லிய இடைவெளி விடுங்கள். எல்லாப் பக்கமும் இறுக்கமாக இருந்தால் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் எபாக்ஸி சுரண்டப்படும்.

மீதிப் பாதி ஃபோரெண்டில் (பேரலுக்கு அடியில் நீளும் ஸ்டாக்கின் முன்பகுதி) இருக்கிறது. பெடிங் போட்டாலும் அது வளைவதை நிறுத்தாது. பேரல் எங்கும் தொடாதபடி பள்ளத்தைத் தாராளமாக அகட்டி, உள்ளே தெரியும் பூச்சில்லாத மரத்துக்கு வார்னிஷ் அடியுங்கள். வெளியே பளபளவென்று பாலிஷ் போட்டுவிட்டு உள்பக்கத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

புதுக்கை: பெடிங் செய்தால் குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட தோட்டாக்களின் பரவல்) பாதியாகக் குறையுமா?

யாரும் உறுதி தர முடியாது.

மூன்றாம் கண்: என் ரைஃபிளுக்குப் பெடிங் தேவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். டயல் இண்டிகேட்டரை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) பேரலில் பொருத்தி, அதன் முனை ஃபோரெண்டைத் தொடும்படி வையுங்கள். ஆக்‌ஷன் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கிப் பாருங்கள். முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் ஆக்‌ஷன் வளைந்து உட்கார்ந்திருக்கிறது, பெடிங் தேவை. நகரவே இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் வேறிடத்தில்: ஸ்கோப் மவுண்ட் ஸ்க்ரூ, பேரல் வாயில் அடிபட்ட தழும்பு, தோட்டா, அல்லது உங்கள் தோள். மூன்று சுட்டு குரூப் அளந்து முடிவு கட்டாதீர்கள். ஐந்து ஐந்தாகப் பல குரூப் சுடுங்கள். 100 மீட்டரில் ஒரு எம்ஓஏ (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) என்பது சுமார் 29 மில்லிமீட்டர். மூன்று தோட்டா அதற்குள் விழுவது அதிர்ஷ்டத்தாலும் நடக்கும்.

களிமண்: ரிலீஸ் ஏஜெண்ட் (எபாக்ஸி உலோகத்தில் ஒட்டாமலிருக்கத் தடவுவது) கிடைக்கவில்லை. மெழுகு போதுமா?

பேஸ்ட் மெழுகு போதும். தடவி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி ஒருமுறை தடவுங்கள். ஆனால் மெழுகு ஒட்டாமல் தடுக்குமே தவிர, பூட்டிக்கொள்வதைத் தடுக்காது. டிரிகர் பின் துளை, போல்ட் ஸ்டாப் பள்ளம், மேகஸின் வெட்டு இவற்றுக்குள் எபாக்ஸி புகுந்து இறுகினால் ஆக்‌ஷன் உள்ளே பூட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் களிமண்ணால் அடைத்து மட்டமாக வழித்துவிடுங்கள். ஸ்க்ரூ மரைக்கும் மெழுகு. மாட்டிக்கொண்டால் நெம்பாதீர்கள்; சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் உலோகம் சுருங்கி விடுபட வாய்ப்பு உண்டு. முன்னதாகவே துளைகளை அடையுங்கள் என்கிறேன்.

இரட்டைக் குழல்: குரூப் எவ்வளவு குறையும்?

மேலே பாருங்கள்.

டார்க் ரெஞ்ச்: எபாக்ஸி காயும்போது ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்க வேண்டும்?

முறுக்கவே கூடாது! கெட்டுப்போன பெடிங் பலவற்றுக்கு இதுதான் காரணம். இறுக்கியபடி காயவிட்டால் ஆக்‌ஷனின் வளைவு எபாக்ஸியில் அப்படியே பதிந்துவிடும். ரப்பர் குழாயைச் சுற்றி மெதுவாகப் பிடிக்க வையுங்கள், ஸ்க்ரூ வெறும் வழிகாட்டி. காய்ந்த பிறகு, உலோகப் பில்லர் இருந்தால் 65 இஞ்ச் பவுண்ட், அதாவது சுமார் 7.3 நியூட்டன் மீட்டர், பலரும் வைக்கும் அளவு. பில்லர் இல்லாத மரத்தில் அவ்வளவு போகாதீர்கள். தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் சரி. வின்செஸ்டர் மாடல் 70 போல மூன்று ஸ்க்ரூ உள்ள ஆக்‌ஷன்களில் நடு ஸ்க்ரூவை விழாத அளவுக்கு மட்டும்.

எஃகு: அலுமினிய பெடிங் பிளாக் (ஆக்‌ஷன் உட்காரும் உலோகக் கட்டை) உள்ள ஸ்டாக் வைத்திருக்கிறேன். இதற்கும் எபாக்ஸி என்கிறார் என் நண்பர். வேடிக்கையாக இல்லையா?

வேடிக்கை இல்லை. உருண்டை ஆக்‌ஷன் வி வடிவப் பிளாக்கில் இரண்டு கோடுகளில்தான் தொடுகிறது. பிளாக்கிலோ ஆக்‌ஷனிலோ சின்னப் பிசகு இருந்தாலும் அந்தத் தொடுதல் சீராக இருக்காது. இண்டிகேட்டர் நகர்ந்தால் மெல்லிய பூச்சு ஒன்று போடுங்கள்.

எஃகு: அமெரிக்க ராணுவத்தின் எம்24 ஸ்னைப்பர் ரைஃபிள், 1988இல் வந்தது. ரெமிங்டன் 700 ஆக்‌ஷன், அலுமினியப் பிளாக் ஸ்டாக். அதற்கெல்லாம் போதுமானது எனக்குப் போதாதா?

போதலாம். எனக்கு அலுமினியத்தின் மேல் பகை எதுவும் இல்லை. ஆனால் அது களத்தில் அடிபட்டு உழைக்க வேண்டிய துப்பாக்கி. அதை உதாரணமாகக் காட்டி உங்கள் கையில் உள்ள ஜோடி சரியாகப் பொருந்துகிறது என்று சொல்ல முடியாது.

மேஜைக்காரன்: நாங்கள் பெஞ்ச்ரெஸ்டில் (மேஜையில் தாங்கி வைத்துச் சுடும் போட்டி) ஆக்‌ஷனை ஸ்டாக்கோடு ஒட்டியே விடுகிறோம். ஸ்க்ரூ சண்டையே இல்லை.

நல்ல சாட்சி. முழுப் பரப்பும் தொட வேண்டும் என்றுதானே ஒட்டுகிறீர்கள்? எஃகு, படித்தீர்களா? மற்றவர்கள் இதைச் செய்ய வேண்டாம், கழற்றுவதற்குச் சூடேற்ற வேண்டியிருக்கும்.

எஃகு: ஒட்டுவது வேறு, பூச்சு வேறு. உலோகத்தின் மேல் உலோகம் இருக்கும்போது நடுவில் எதற்குப் பசை?

பசை அல்ல, இடைவெளியை நிரப்பும் அச்சு. மூன்றாம் முறை சொல்கிறேன்: அளந்து பாருங்கள். 0.05க்குள் இருந்தால் நீங்கள் ஜெயித்தீர்கள், நானே எபாக்ஸி வேண்டாம் என்பேன்.

பழைய படை: தாத்தாவின் லீ என்ஃபீல்டின் பேரலை முழுக்க விடுவிக்கலாமா?

வேண்டாம். அதன் ஃபோரெண்ட் பேரலைத் தாங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. அரிய பழைய ஸ்டாக் என்றால் எபாக்ஸியும் வேண்டாம்.

டிக்கா: என் டிக்கா டி3 ரைஃபிளில் லக் ஆக்‌ஷனில் இல்லை, ஸ்டாக்கில் இருக்கிறது.

ஆமாம், ஆக்‌ஷனில் அதற்குக் காடிதான் இருக்கும். அந்த லக் ஸ்டாக்கில் ஆடாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காடிக்குள் எபாக்ஸி போகாமல் அடைக்கவும் வேண்டும்.

அவசரம்: காலையில் ஊற்றினால் மாலையில் சுடலாமா?

டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பல எபாக்ஸிகளில் ஆக்‌ஷனைக் கழற்றவே ஒரு நாள் காத்திருக்க வேண்டும், முழுப் பலம் வர இன்னும் சில நாள். குளிர்ந்த அறையென்றால் இன்னும் தாமதம்.

எஃகு: அளந்தேன். முன் ஸ்க்ரூவில் 0.09, பின் ஸ்க்ரூவில் 0.02.

முன்பக்கம்தான். மெல்லிய பூச்சு, லக்கைச் சுற்றி டேப், துளைகளில் களிமண். ஸ்க்ரூவை முறுக்காதீர்கள்.