டிரெய்லர் பாடியைத் தூக்கலாமா, வேண்டாமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். 1973 மாடல் ஏர்ஸ்ட்ரீம் சாவரின், 31 அடி டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும், உள்ளே தங்கும் வசதியுள்ள அலுமினிய வண்டி) வாங்கியிருக்கிறேன். பின்பக்கத் தரை மிதித்தால் அமுங்குகிறது. பாடியைச் சேஸிஸிலிருந்து (அடியில் தாங்கும் இரும்புச் சட்டத்திலிருந்து) பிரித்துத் தூக்கினால்தான் சரியாகும் என்கிறார்கள். அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா?

பதில்: பின் பம்பர் மேல் ஏறி நின்று குலுக்கிப் பாருங்கள். பம்பரும் அலுமினியமும் சேரும் இடத்தை இன்னொருவர் கவனிக்கட்டும். பம்பர் மட்டும் இறங்கி, அங்கே இடைவெளி திறந்து மூடினால், பாடி சேஸிஸை விட்டுவிட்டது என்று அர்த்தம். அந்தக் காலத்து நீள மாடல்களில் இது சகஜம். பாடியின் அடிவிளிம்பில் ஓடும் அலுமினியச் சேனலுக்கும் கீழே உள்ள இரும்புக்கும் நடுவே ப்ளைவுட் சிக்கியிருக்கிறது. இந்த மூன்றையும் துளைத்துக்கொண்டு போல்ட் போகிறது. பம்பர் பக்கம் ஒழுகி மரம் மக்கினால் போல்ட்டுக்குப் பிடிமானம் ஏது?

இது மட்டும்தான் கோளாறு என்றால் தூக்க வேண்டாம். மக்கிய பகுதியை வெட்டியெடுத்து, புது ப்ளைவுட்டைத் துண்டுகளாக உள்ளே நுழைத்து போல்ட் போடலாம். முடிவெடுக்கும் முன் வண்டியின் அடிப்பக்கத்தை மூடியிருக்கும் தகட்டைக் கழற்றிவிடுங்கள். முகமூடி அவசியம், ஊறிப்போன கண்ணாடி இழையும் எலிக் கழிவும் தலையில் கொட்டும். சேஸிஸ் இரும்பையும், அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கிகளையும் சுத்தியலால் தட்டுங்கள். துரு செதில் செதிலாக உதிர்ந்து ஓட்டை தெரிந்தால், பல இடங்களில் வெல்டிங் தேவைப்பட்டால், அப்போது தூக்குவதுதான் சரி. மல்லாந்து படுத்துச் செய்யும் வெல்டிங்கை நான் நம்புவதில்லை.

தூக்குவதைவிட, தூக்குவதற்கு முந்தைய வேலைதான் முக்கியம். போல்ட்டை எட்டக் உட்சுவரின் கீழ்வரிசைத் தகடுகளைக் கழற்றியாக வேண்டும். உள்தகடும் தரையும் போனபின் வெறும் பாடிக்கு விறைப்பு கிடையாது, அடிப்பக்கம் அகன்றுவிடும். அதனால் எதையும் அவிழ்க்கும் முன்னரே அடி அகலத்தைப் பல இடங்களில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்களை பாடியின் உள்விலாக்களோடு (வளைந்த உள்சட்டங்களோடு) சேர்த்து முடுக்குங்கள். வாசல் பக்கம் கூடுதலாக ஒரு சட்டம் கொடுங்கள், இல்லாவிட்டால் கதவு அப்புறம் பொருந்தாது. துருவேறிய போல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம், அறுத்துவிடுங்கள். முன்னும் பின்னும் மரத் தாங்கிகள் நிறுத்தி, செயின் ஹாய்ஸ்ட்டால் (சங்கிலிக் கப்பியால்) பாடியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, சேஸிஸை உருட்டி வெளியே எடுங்கள். அடியில்லாத அலுமினியக் கூடு காற்றில் பாய்போல இழுபடும். நாலு பக்கமும் கயிற்றால் தரையோடு கட்டாமல் இரவு விடாதீர்கள்.

சேஸிஸ் வெளியே இருக்கும்போதே ஆக்சிலையும் பார்த்துவிடுங்கள். இவற்றில் ஸ்பிரிங் கிடையாது, ரப்பர் தண்டுகள்தான். வண்டி பாரத்தோடு நிற்கும்போது ஆக்சிலையும் சக்கரத்தையும் இணைக்கும் கை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அது கிடையாகவோ மேல்நோக்கியோ இருந்திருந்தால் ரப்பர் செத்துவிட்டது, மாற்றுங்கள்.

புதுத் தரைக்கு மரைன் ப்ளைவுட் (ஈரம் தாங்கும் ப்ளைவுட்) போட்டு, விளிம்புகளுக்கு எபாக்ஸி பிசின் பூசுங்கள். கரையான் தாக்காது என்று தாமிர மருந்து ஏற்றிய பலகையை வாங்கிவிடாதீர்கள். ஈரம் பட்டால் அது அலுமினியத்தை அரிக்கும். இரும்பும் அலுமினியமும் நேரடியாக உரசும் இடத்திலும் அதே கதைதான். சேஸிஸுக்குப் பெயின்ட் அடித்து, அதன் மேல் ரப்பர் டேப் ஒட்டியே பாடியை இறக்குங்கள்.

உள்தகட்டைத் திரும்ப மாட்டும் முன் ஹோஸால் வெளியே தண்ணீர் அடித்து, ஒருவர் உள்ளே டார்ச்சோடு ஒவ்வொரு ரிவெட்டாகப் பார்க்கட்டும். ஒழுகும் இடத்தைப் பாலியூரித்தேன் சீலன்ட்டால் அடையுங்கள். சிலிகான் வேண்டாம், அதன் மேல் பிறகு எதுவும் ஒட்டாது.