இடிபாட்டில் வண்டி ஓட்ட விஆர் பயிற்சி: ஆபரேட்டர்களின் கேள்விகளுக்குப் பதில்

பூந்தமல்லி ஆபரேட்டர்: அண்ணே, 15 வருடமாக ஹிட்டாச்சி (மண் அள்ளும் வண்டி) ஓட்டுகிறேன். கண்ணாடி மாட்டி எனக்கு என்ன புதிதாகச் சொல்லித்தருவார்கள்?

விஆர் என்பது கண்ணில் மாட்டும் திரையில் இடிபாட்டை நிஜம்போலக் காட்டிப் பழக்குவது. லீவர் பிடிக்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் நம் கை மண் அள்ளிப் பழகிய கை. பக்கெட் நிறைந்தால்தான் திருப்தி. இடிந்த கட்டடத்தில் அந்தப் பழக்கமே ஆபத்து. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அங்கே மூன்று நாள் கழித்தும் ஒருவரை உயிரோடு எடுத்தார்கள். தளங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்துவிட்டாலும் தூண் ஓரம், படிக்கட்டுக்கு அடியில் ஆள் அடங்கும் சந்து இருக்கும். தப்பான பீமை இழுத்தால் அது மூடிவிடும். விஆரில் அந்தத் தப்பைச் செய்து பார்க்கலாம். மேலே நிற்பது எப்படி இறங்குகிறது என்று பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம்.

அம்பத்தூர் ஐடிஐ மாணவர்: இதிலேயே முழுதாகக் கற்றுக்கொள்ள முடியுமா சார்?

முடியாது தம்பி. பக்கெட் பல் கம்பியில் மாட்டினால் சீட்டில் ஒரு இழுப்பு தெரியும், இன்ஜின் சத்தம் மாறும். விஆர் கண்ணாடியில் அது வராது. முதலில் நிஜ வண்டியில் கை பழகட்டும். அப்புறம், லீவர் அமைப்பைப் பாருங்கள். ஐஎஸ்ஓ, எஸ்ஏஇ என்று இரண்டு உண்டு; பூமையும் (வண்டியோடு சேர்ந்த பெரிய கை) ஸ்டிக்கையும் (பக்கெட்டைத் தாங்கும் சின்னக் கை) இயக்கும் லீவர்கள் இடம் வலம் மாறிவிடும். உங்கள் வண்டியில் உள்ளதிலேயே பழகுங்கள்.

தாம்பரம் ஆபரேட்டர்: கண்ணாடி மாட்டினாலே தலை சுற்றுகிறது.

பலருக்கும் வரும். வண்டி திரும்புவதாகக் கண் சொல்கிறது, உடம்போ அசையவில்லை. பத்து நிமிடத்தில் கழற்றி ஓய்வெடுங்கள்.

பயிற்சி மையம் தொடங்கவிருக்கும் ஒருவர்: எதைக் கட்டாயம் வைக்க வேண்டும்?

நிறுத்துவதை. உள்ளே யாராவது தட்டுகிறார்களா என்று கேட்க, எல்லா வண்டியையும் அணைத்துவிட்டு எல்லோரும் பேசாமல் நிற்கும் நேரம் மீட்பில் வரும். அந்த நேரத்தில் ஒரு வண்டி உறுமினாலும் போச்சு. எத்தனை டன் அள்ளினார் என்று மதிப்பெண் போடும் மென்பொருளை வாங்காதீர்கள். சிக்னல் காட்டியதும் எத்தனை நொடியில் கை நின்றது என்பதை அளக்க வேண்டும். சிக்னல் காட்டுபவரையும் கூடவே பழக்குங்கள்.

மணலியிலிருந்து ஒரு சகோதரி: என் கணவர் ஆபரேட்டர். நடுராத்திரி கூப்பிட்டாலும் போய்விடுவார். எந்தப் பயிற்சியும் எடுத்ததில்லையே?

போகட்டும் அம்மா, அவர் கை தேவைப்படும். ஆனால் மீட்புப் படை அதிகாரி இடத்தைக் காட்டும்வரை பக்கெட்டை இறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.