தூணுக்குப் பின்னால் ஒரு சீட்

போன இதழில், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து எவர்டன் கால்பந்து கிளப் 133 வருஷம் ஆடிய குடிசன் பார்க்கை விட்டு மெர்சி நதிக்கரையில் புது மைதானத்துக்குக் குடிபோனதைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சண்டைக் கடிதங்கள்தான். முடிந்த வரை பதில் சொல்கிறேன்.

பழைய மைதானத்தில் தூண் மறைக்கும், மரச்சீட்டு, கால் நீட்ட இடமில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் புதுசு கட்ட எதற்கு சார் இத்தனை வருஷச் சண்டை? (தூத்துக்குடி வாசகர்)

வீடு ஒழுகினால் புது வீடு வேண்டும் என்பதில் யாருக்கும் தகராறு இருக்காது. எந்த ஊரில் கட்டுவது, யார் காசில் கட்டுவது, கட்டி முடித்த பிறகு அது யார் வீடு என்று வரும்போதுதான் வீடே இரண்டாகும். எவர்டனில் நடந்தது அதுதான். முதலில் கிங்ஸ் டாக் என்று நகரத்தின் நடுவிலேயே ஆற்றோரமாக அருமையான இடம் கிடைத்தது. கிளப் தன் பங்கான 3 கோடி பவுண்டைத் திரட்ட முடியாமல் 2003ல் அது கைநழுவிப் போனது. நினைத்தால் இன்றும் எவர்டன்காரர்களுக்கு வயிறு எரியும். அதற்குப் பிறகு வந்தது கிர்க்பி திட்டம். டெஸ்கோ கம்பெனி ஒரு பெரிய கடை கட்டும், பக்கத்திலேயே 50,000 பேர் உட்காரும் மைதானமும் வரும். கேட்கும்போது லாபமாகத்தான் தெரிந்தது. ஆனால் கிர்க்பி லிவர்பூல் நகர எல்லைக்கு வெளியே, நோஸ்லி என்ற வேறு நிர்வாகத்தின் கீழ் இருக்கிறது.

இதை வெளியூர்க்காரர்கள் சின்ன விஷயமாகப் பார்த்தார்கள். நம்மூர்க் கோயில் தேரை அடுத்த ஊரில் ஓட்டலாம், அங்கே ரோடு அகலம் என்று சொல்லிப் பாருங்கள், என்ன நடக்கும் என்று தெரியும். அதிலும் எவர்டன் 1892ல் தன் பழைய மைதானமான ஆன்ஃபீல்டை விட்டு வெளியேறியதே வாடகைத் தகராறில்தான். அவர்கள் காலி செய்த மைதானத்தை நிரப்பத்தான் லிவர்பூல் என்ற கிளப்பே பிறந்தது. இரண்டு மைதானத்துக்கும் நடுவில் ஒரு பூங்காதான். எதிராளி நகரத்திலேயே இருக்க, நாங்கள் மட்டும் ஊருக்கு வெளியே கடைக்குப் பக்கத்தில் போய் நிற்பதா என்று ரசிகர்கள் கேட்டதில் எனக்கு முழு நியாயம் தெரிகிறது.

2007ல் ரசிகர்களிடமே ஓட்டு எடுத்தார்கள், 59 சதவீதம் பேர் கிர்க்பிக்குச் சரி என்றார்கள். ஜனநாயகப்படி தோற்றவர்கள் வாயை மூடியிருக்க வேண்டாமா? (சேலம் வாசகர்)

வேண்டாம். ஓட்டில் ஒரே ஒரு திட்டம்தான் இருந்தது. அதை விட்டால் வேறு வழியில்லை என்று கிளப் நிர்வாகம் திரும்பத் திரும்பச் சொன்ன நிலையில் போட்ட ஓட்டு அது. பசியோடு இருப்பவனிடம் உப்புமா வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்டால் வேண்டும் என்றுதான் சொல்வான், உப்புமாதான் அவனுக்குப் பிடித்த பலகாரம் என்று அர்த்தமில்லை. அப்படியும் பத்தில் நாலு பேர் வேண்டாம் என்று எழுதினார்களே, அதைத்தான் நிர்வாகம் நிதானமாகப் படித்திருக்க வேண்டும்.

எதிர்த்தவர்கள் 'எவர்டன் நம் நகரத்திலேயே இருக்கட்டும்' என்ற பெயரிலேயே ஒரு குழு அமைத்து, வரைபடத்தை வாங்கி, ரயிலில் எத்தனை பேர் போக முடியும், பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பொது விசாரணை வரை போனார்கள். ஆட்டம் பார்க்கப் போகிறவனுக்குத்தான் அந்தக் கணக்கு அத்துப்படி. 2009 நவம்பரில் அரசு திட்டத்தை நிராகரித்தது. அதற்கு முக்கியக் காரணம் அவ்வளவு பெரிய கடை வந்தால் சுற்றியுள்ள ஊர்களின் கடைத்தெரு படுத்துவிடும் என்பதுதான், ரசிகர்களின் பாசம் அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அன்றைக்கு அவர்களைப் பழமைவாதி, முன்னேற்றத்துக்குத் தடை என்று திட்டாதவர் பாக்கியில்லை. இன்று ஆற்றோரத்தில் 52,769 பேர் உட்கார்கிற மைதானம், நகரத்துக்கு உள்ளேயே நிற்கிறது. வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு அதில் பங்கு உண்டு என்பதுதான் என் கட்சி.

உலகப் பாரம்பரியச் சின்னத்தையே பலி கொடுத்துக் கட்டினார்களாமே? (தஞ்சாவூர் வாசகி)

வருத்தமான விஷயம்தான் அம்மா, ஆனால் பழி முழுக்க மைதானத்தின் தலையில் விழக் கூடாது. புது மைதானம் நிற்கிற பிராம்லி-மூர் டாக் 1848ல் திறந்த கப்பல்துறை. 2021 பிப்ரவரியில் மாநகராட்சி அனுமதி கொடுத்தது, ஜூலையில் யுனெஸ்கோ லிவர்பூலைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. ஆனால் 2012லேயே, வேறு பெரிய கட்டுமானத் திட்டங்களால் லிவர்பூல் ஆபத்துப் பட்டியலில் ஏறியிருந்தது. கப்பல்துறையைக் கடல் மணல் கொட்டி நிரப்பினார்கள், பழைய கல்சுவர்களை இடிக்காமல் அடியில் அப்படியே விட்டிருக்கிறார்கள், நீரழுத்த இயந்திரம் இருந்த கோபுரத்தையும் காப்பாற்றியிருக்கிறார்கள். யாரும் எட்டிப் பார்க்காமல் கிடந்த துறைக்கு இப்போது ஐம்பதாயிரம் பேர் வருகிறார்கள். பட்டியலா ஆட்களா என்றால் நான் ஆட்கள் பக்கம்.

புது மைதானத்தில் குறையே இல்லையா? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

ஏன் இல்லை. ஆட்டம் முடிந்ததும் சாண்ட்ஹில்ஸ் ரயில் நிலையத்தில் நிற்கிற வரிசையைப் பாருங்கள். சுற்றுவட்டாரத் தெருக்களில் வண்டி நிறுத்தக் கட்டுப்பாடு போட்டதில் அங்கே கடை வைத்திருப்பவர்களும் கோபமாக இருக்கிறார்கள். கிர்க்பிக்காரர்களிடம் கேட்ட அதே ரயில், பஸ் கணக்கை இங்கேயும் கேட்டிருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் நின்றுகொண்டு பார்க்கத் தடை என்று படித்தேன். பிறகு ஏன் தெற்கு கேலரியில் எல்லோரும் நிற்கிறார்கள்? (கோவை கல்லூரி மாணவர்)

1989ல் ஹில்ஸ்பரோ மைதானத்து நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்கள் இறந்துபோனார்கள் தம்பி. அதற்குப் பிறகுதான் பெரிய டிவிஷன்களில் எல்லா இடத்திலும் சீட்டு இருக்க வேண்டும் என்று வந்தது. 2022 ஜனவரியிலிருந்து, ஒவ்வொருவருக்கும் முன்னால் கைப்பிடிக் கம்பி வைத்த இடங்களில் மட்டும் நிற்க அனுமதி உண்டு, ஆளுக்கு ஒரு இடம் என்ற கணக்கு மாறாது. எவர்டனின் தெற்கு கேலரி 13,000 பேருக்கான ஒரே சரிவு. சரிவுக்கு உச்சவரம்பு 35 டிகிரி, இவர்கள் 34.99ல் கட்டியிருக்கிறார்கள்! சத்தம் வீணாகாமல் அப்படியே புல்லில் வந்து விழ வேண்டும் என்று ரசிகர்கள் கேட்டதும் அதைத்தான். வெஸ்ட் ஹாம் கிளப் 2016ல் லண்டன் ஒலிம்பிக் மைதானத்துக்குப் போனார்களே, ஓட்டப்பந்தயத்துக்காகக் கட்டிய இடம், கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்குப் பந்து எங்கேயோ தூரத்தில் ஓடுகிறது. 2018ல் ரசிகர்கள் ஆட்டத்தின் நடுவிலேயே களத்தில் இறங்கிவிட்டார்கள். இறங்கியதை நான் ஆதரிக்கவில்லை, கோபத்துக்குக் காரணம் இருந்தது.

மான்செஸ்டர் யுனைடெட் 1 லட்சம் பேருக்கு மைதானம் கட்டப் போகிறதே, ஒரு ரசிகனாக எனக்குப் பெருமை. உங்களுக்கு ஏன் இல்லை? (சென்னை வாசகர்)

அவர்களுடைய இப்போதைய மைதானம் ஓல்ட் டிராஃபோர்டின் கூரை 2024ல் ஆர்சனல் ஆட்டத்தன்று அருவி மாதிரி கொட்டியதை நானும் பார்த்தேன், ஏதாவது செய்துதான் ஆக வேண்டும். 2025 மார்ச்சில் காட்டிய படமும் அழகு, மூன்று பெரிய கம்பங்கள், மேலே குடை மாதிரி கூரை, செலவு 200 கோடி பவுண்டு. ஆனால் அதே சீசனின் நடுவில்தான் மிச்சமிருந்த டிக்கெட்டையெல்லாம் 66 பவுண்டு என்று ஆக்கி, குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இருந்த சலுகையை எடுத்தார்கள். பையனைக் கூட்டிக்கொண்டு போகிற அப்பாவுக்கு 132 பவுண்டு, ரயில் செலவு தனி. கடனில் இருக்கிற கிளப் இன்னும் கடன் வாங்கிக் கட்டினால் அந்த வட்டி எந்த சீட்டின் தலையில் ஏறும்? 1 லட்சத்தில் எத்தனை சீட்டை உள்ளூர்ப் பையன் வாங்க முடியும் என்று எழுதிக் கொடுக்கட்டும், உங்களோடு சேர்ந்து நானும் பெருமைப்படுகிறேன்.

ரசிகர்களே கட்டிய மைதானம் உண்டா?

உண்டு, விம்பிள்டன். அவர்கள் கிளப்பை மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக 2002ல் அனுமதி கொடுத்தார்கள். ரசிகர்கள் அழுதார்கள், பிறகு தாங்களே ஏஎஃப்சி விம்பிள்டன் தொடங்கி லீக் வரிசையில் ஒன்பதாவது படியிலிருந்து ஏறினார்கள். 2020 நவம்பரில் தங்கள் பழைய மைதானமான பிளவ் லேனுக்குக் கூப்பிடு தூரத்தில் சொந்த மைதானம். அதில் 50 லட்சம் பவுண்டுக்கு மேல் கடன் பத்திரமாகப் போட்டது ரசிகர்கள்தான். கொரோனாவால் முதல் ஆட்டத்துக்கு அவர்களையே உள்ளே விட முடியவில்லை, அதுதான் தாங்கவில்லை.

குடிசன் பார்க்கை இடித்துவிட்டார்களா? (திருச்சி வாசகி)

இல்லை. இடித்து வீடுகள் கட்டுவதாகத்தான் முதலில் திட்டம். 2025 மே 18ஆம் தேதி ஆண்கள் அணியின் கடைசி ஆட்டம். நம் நேரம் ஞாயிறு மாலை நாலரை, சவுத்தாம்ப்டனை 2-0 என்று ஜெயித்தார்கள், இரண்டு கோலும் என்டியாய். அதற்குச் சில நாள் முன்புதான், மைதானம் இனி எவர்டன் பெண்கள் அணிக்கு என்று அறிவிப்பு வந்தது. அன்று டிவியில் மூலையில் இருக்கிற செயின்ட் லூக் தேவாலயத்தைக் காட்டினார்கள், இரண்டு கேலரிக்கு நடுவில் செருகி வைத்தது போல நிற்கும். ஆடுகளத்தின் ஓரத்தில் 800க்கும் மேற்பட்ட ரசிகர்களின் அஸ்தி இருக்கிறது. இதற்கு மேல் இடமில்லை என்று 2004ல் நிறுத்தினார்கள். அவர்களை எங்கே கொண்டு போவது என்று யாரும் இப்போது கேட்க வேண்டியதில்லை, பெண்கள் அங்கே ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.