ஒரே பெயரில் இருவர்: ஜெர்சியில் என்ன போடுவது?

தம்பி, மேலூர் அணியில் உங்களுக்கும் பெரியப்பா மகனுக்கும் தாத்தா பெயரான முத்துக்கருப்பன்தான், ஒருவருக்கு 'ஜூனியர்' சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பிரேசில் கால்பந்து வீரர்கள் நெய்மாரும் வினிசியஸும் ஜூனியர் என்று போட்டுக்கொள்வது அப்பாவின் பெயரையே தாங்குவதால். அமெரிக்கக் கால்பந்தில் ஜெர்சியில் பெயரோடு இத்தகைய பின்னொட்டும் போடலாம் என்று 2012இல் விதி தளர்ந்ததும் ராபர்ட் கிரிஃபின், மூன்றாமவர் என்பதற்கான ரோமன் எண்ணையே முதுகில் போட்டுக்கொண்டார். பிரேசிலில் தாத்தா பெயருள்ள பேரனுக்கு 'நெட்டோ' என்று சேர்ப்பார்கள். உங்கள் வீட்டில் அது இருவருக்குமே பொருந்தும், பயனில்லை.

அப்பாக்கள் செல்லையா, மாயாண்டி என்கிறீர்கள். பிறகென்ன? 'செ. முத்துக்கருப்பன்', 'மா. முத்துக்கருப்பன்' என்று கம்பீரமாகத் தமிழிலேயே போடுங்கள். நம் பிள்ளைகள் முதுகில் அப்பா பெயரின் முதலெழுத்தும் தாத்தா பெயரும் சேர்ந்து ஓடுவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே ஆசை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். எழுத்தை வெட்டி ஒட்டும் முறையில் மெய்யெழுத்தின் புள்ளி தனித் துண்டாக நிற்கும்; துவைக்கத் துவைக்க முதலில் உரிவது அதுதான். இந்தப் பெயரில் நான்கு புள்ளிகள், இனிஷியலோடு ஐந்து. சாயம் துணியிலேயே இறங்கும் சப்ளிமேஷன் அச்சு கேளுங்கள். பாலியஸ்டர் துணியாக இருக்க வேண்டும், வெளிர் நிறமாகவும்.