முப்பத்தெட்டு ரூபாய்தானே

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் எங்கள் வீட்டுப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சனிக்கிழமை மாலை பில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். கொஞ்ச நேரம் முன்பு அவர் புளி இருக்கும் அடுக்கின் முன் நின்று ஒவ்வொரு பாக்கெட்டாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்திருந்தேன். பில் 418 ரூபாய் வந்தது. அவரிடம் 380 தான் இருந்தது. பில் போடும் பெண் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "அண்ணா, ஒரு ஐட்டம் கேன்சல்" என்று கத்தினாள். சூப்பர்வைசர் வரவில்லை. பின்னால் ஆறேழு பேர். நான் போனை நீட்டி, "விடுங்க சார், முப்பத்தெட்டு ரூபாய்தானே, நான் போட்டுடறேன்" என்றேன். அவர் திரும்பி, "உங்ககிட்ட நான் கேட்டேனா?" என்றார். பொருட்களை அப்படியே விட்டுவிட்டு, கொண்டுவந்த பையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

உதவ நினைத்தது தவறா? கடைகளில் மனிதர்கள் பழகும் விதமே கெட்டுவிட்டது. வரிசையில் நுழைகிறார்கள், வண்டியால் குதிகாலில் இடிக்கிறார்கள், வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்துவிட்டு முற்றலை அடுத்தவருக்கு விட்டுப்போகிறார்கள். இனி இப்படி நடந்தால் நான் என்ன செய்ய வேண்டும்? மூன்று வாரமாக அந்தக் கடைப் பக்கமே போகவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் நானும் அதே 'கேன்சல்' குரலைக் கேட்டுவிட்டு வந்திருந்தேன். ஒரு அம்மா, திரையில் தொகை ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தவர், நல்லெண்ணெய் பாட்டிலை மெதுவாகப் பின்னால் தள்ளி வைத்தார். அதற்குள் அது பில்லில் ஏறிவிட்டது. அவர் தள்ளிவைத்த அந்தக் கை அன்று முழுக்க என் கண்ணிலேயே நின்றது.

வரிசையில் நுழைகிறவரிடம் "பின்னாடி வாங்க" என்று சொன்னால் வந்துவிடுவார். வெண்டைக்காயை என் அம்மாவும் ஒடித்துத்தான் வாங்கினார், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். இதையெல்லாம் விடுங்கள்.

ஒன்றை மட்டும் விட முடியாது. கடிதத்தில் பெரியவர் 'போய்விட்டார்', அந்தப் பெண் 'கத்தினாள்'. ஏன்? காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர் அவர். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று நம் மாநிலத்தில் 2021-இல் சட்டத் திருத்தமே கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகும் எத்தனை பில் கவுன்டர்களில் நாற்காலி பார்த்திருக்கிறீர்கள்? ஏறிய பொருளை எடுக்க சூப்பர்வைசர் வந்தாக வேண்டும் என்பது கடை முதலாளி வைத்த முறை. கூப்பிடாமல் அவர் என்ன செய்வார்?

சரி, உங்களிடம் வருகிறேன். உதவ நினைத்தது தவறில்லை. ஆனால் நீங்கள் சொன்ன 'தானே' இருக்கிறதே, அது தவறு. முப்பத்தெட்டு ரூபாய்தானே! அது உங்களுக்குத் 'தானே'. அவர் அந்த முப்பத்தெட்டு ரூபாய்க்காக எதை விடலாம், புளியையா, பருப்பையா என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றவர். அவர் கணக்கை ஒரே சொல்லில் அற்பமாக்கிவிட்டீர்கள். அதையும் ஆறேழு பேர் முன்னால், அவர் இன்னும் யோசித்து முடிக்காதபோது. பொருளை எடுத்துவிடச் சொல்லியிருந்தால் அவர் கணக்குப் பார்த்து வாங்குகிற ஒரு மனிதர், அவ்வளவுதான். நீங்கள் போனை நீட்டியதும் தர்மம் வாங்குகிறவராக ஆகிவிட்டார். நீங்களாகவே நீட்டிவிட்டு, "கேட்டேனா" என்றதும் உங்களுக்கு வலிக்கிறது. அவருக்கு எவ்வளவு வலித்திருந்தால் புளியையும் பருப்பையும் விட்டுவிட்டுப் போயிருப்பார்!

காசு குறைவது நம் ஊரில் புதிதில்லை. அதை மறைத்துக்கொள்ள நம்மிடம் ஒரு வழி இருந்தது. ரூபாய்க்குக் கேட்பது. "பத்து ரூபாய்க்குத் தக்காளி", "அஞ்சு ரூபாய்க்குப் புளி". கையில் இருப்பதைச் சொன்னால் அதற்கு உரியது வரும். எடையைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார். அங்கே பில்லுக்குக் காசு குறையவே முடியாது. 1999-இல் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை வந்தது. அங்கே பலகையில் கிலோ விலை எழுதிப்போட்டிருப்பார்கள். ஆனாலும் இன்று எந்த உழவர் சந்தைக்குப் போய் "இருபது ரூபாய்க்குப் போடுங்க" என்று பையை விரித்தாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஒட்டி வைத்த பாக்கெட்டிடம் அப்படிக் கேட்க முடியாது. அரைக் கிலோ என்றால் அரைக் கிலோ, மொத்தம் எவ்வளவு என்று கடைசியில், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற திரையில்தான் வரும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மன்னார்குடியில் எங்கள் தெருமுனையில் ஒரு அண்ணாச்சி கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். அப்பா கணக்கு எழுதிய அரிசி ஆலை மூடிவிட்டது. வீட்டுச் செலவு முழுக்கக் கடை நோட்டில் ஓடியது. அம்மா போகமாட்டார். எண்ணெய்த் தூக்கையும் நோட்டையும் கொடுத்து என்னைத்தான் அனுப்புவார். பத்து வயசுப் பையனுக்குக் கூச்சம் தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ.

நான் போனால் அண்ணாச்சி, "நீ இருடே, உனக்குப் புது டின் உடைக்கணும்" என்பார். எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் பொட்டலத்தோடு போவார்கள். நான் புண்ணாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து, மேலே தொங்கும் நூல்கண்டு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கடையில் ஆள் இல்லாமல் போன பிறகுதான் நோட்டை வாங்குவார். எண்ணெய் எப்போதும் போல அதே பழைய டின்னிலிருந்துதான் வரும். கடன்காரன் வீட்டுப் பிள்ளை என்று காக்கவைக்கிறார் என்று எனக்குக் கோபம். ஒரு நாள் அழுதுகொண்டே வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா எதுவும் சொல்லாமல் தூக்கை வாங்கி உள்ளே வைத்தார்.

அப்புறம் அப்பாவுக்கு வேறு வேலை கிடைத்தது. பத்து ரூபாய்த் தாளோடு போன முதல் நாள், கடையில் நாலு பேர் நிற்கும்போதே, "வாடே, என்ன வேணும்?" என்று என்னை முதலில் கூப்பிட்டார். தாளை வாங்கி, "பத்து ரூவா கொடுத்திருக்கே, மிச்சத்தை எண்ணிக்கோ" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். நோட்டை யாரும் பார்த்துவிடாமல் மூடிவைத்த மனிதர், ரொக்கத்தை ஊரறியச் சொன்னார். எனக்கு இது விளங்கியபோது எனக்கே ஒரு பிள்ளை இருந்தான், அண்ணாச்சி இல்லை.

இதோடு நிறுத்தினால் பொய் சொன்னதாகிவிடும். அதே கடையில் காலனியிலிருந்து வருகிறவர்கள் படி ஏறக் கூடாது. காசைப் பலகையில் வைக்க வேண்டும். பொட்டலம் அவர்கள் துண்டில் மேலிருந்து விழும். எனக்குக் காட்டிய நயத்தில் கால் பங்கைக்கூட அதே அண்ணாச்சி அவர்களுக்குக் காட்டவில்லை. 1916-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ், வாங்க வருகிறவர் தாமே அடுக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் கடையைத் திறந்தது ஆள் செலவைக் குறைக்கத்தான். ஆனால் யாரும் எதையும் தொட்டு எடுக்கலாம் என்ற அந்த முறை நம் ஊருக்கு வந்தபோது அதற்கு இருந்த அர்த்தமே வேறு. அந்தப் படி திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். நோட்டை மூடிவைத்த அந்தக் கை மட்டும் வேண்டும். அது இப்போது வரிசையில் அடுத்து நிற்பவரிடம்தான் இருக்க முடியும். அன்று அது நீங்கள்.

நீங்கள் அவரைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். திரும்பி, பின்னால் நிற்பவரிடம் மழை பற்றி ஏதாவது கேட்டிருக்கலாம். "உப்பு மறந்துட்டேன்" என்று வரிசையை விட்டு விலகி, அவருக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம். அவர் யோசித்து, ஒன்றை எடுத்துவைத்துவிட்டு, மீதியோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

கடைக்குப் போகாமல் இருப்பது யாருக்கு உதவி? வரும் சனிக்கிழமை போங்கள். அந்தப் பெண்ணிடம் மரியாதையாக நாலு வார்த்தை பேசுங்கள். பெரியவர் வந்திருந்தால் தயவுசெய்து மன்னிப்புக் கேட்காதீர்கள், அதையும் பத்துப் பேர் பார்ப்பார்கள். புளி அடுக்குப் பக்கம் நின்றிருந்தால், கொட்டை எடுத்ததில் எது நல்லது என்று கேளுங்கள். அமுக்கிப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். வாங்கிக்கொள்ளுங்கள்.