ரீஸ்லிங் என்றாலே சர்க்கரைத் தண்ணீர் என்கிறார்களே, உண்மையா? எந்த ஊர் ரீஸ்லிங் வாங்கலாம்?

"சர்க்கரைத் தண்ணீர்" என்று பார்த்ததும் வேலையைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பாட்டில் உங்கள் வீட்டில் இருக்கிறது, திறக்கலாமா, வேறு யார் தலையிலாவது கட்டிவிடலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். ரீஸ்லிங் என்பது வெள்ளை ஒயின் செய்கிற ஒரு திராட்சை ரகம், அந்த ஒயினுக்கும் அதே பெயர்தான். லேபிளில் ஆல்கஹால் சதவீதம் எவ்வளவு என்று பாருங்கள். 7, 8, 9 என்று இருந்தால் இனிப்பு. 12-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் இனிப்பு இருக்காது. பழத்திலுள்ள சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹாலாகிறது, பாதியில் நிறுத்தினால் மிச்சம் இனிப்பாகத் தங்கிவிடுகிறது. நிறுத்துவது ஒயின் செய்கிற ஆள், பழி மட்டும் பழத்துக்கு.

நான் ஜெர்மனியின் ட்ரியர் நகரில் படித்தவன். அறுவடைக் காலத்தில் கைச்செலவுக்காக மோசெல் ஆற்றங்கரைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போவேன். அந்த ஆற்றோரத்தில் கால்மொன்ட் என்று ஒரு மலைச்சரிவு இருக்கிறது, சில இடங்களில் 65 டிகிரி சாய்வு. நான் போன தோட்டம் அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் ஒரு கையால் கொடி கட்டிய கழியைப் பிடித்துக்கொண்டுதான் மறு கையால் கொத்தை வெட்ட முடியும். காலடியில் மண்ணே தெரியாது, முழுக்க கருநீல ஸ்லேட் சில்லுகள், கால் வைத்தால் சரசரவென்று சரியும். பகல் வெயிலை உறிஞ்சி வைத்துக்கொண்டு பொழுது சாய்ந்த பிறகும் அந்தக் கல் சூடாகவே இருக்கும். ரீஸ்லிங் தாமதமாகப் பழுக்கிற ரகம், அந்தக் குளிரில் அது பழுக்கவே இந்தச் சூடும் தெற்குப் பார்த்த சரிவும் வேண்டியிருக்கிறது.

எங்களுக்கு ஆளுக்கு இரண்டு வாளி. ஒன்றில் நல்ல பழம், இன்னொன்றில் பூஞ்சை பிடித்துச் சுருங்கி ஊதாவும் பழுப்புமாகக் கிடக்கிற பழம். பார்த்தால் குப்பைக்குப் போக வேண்டியது போல இருக்கும். தோட்டக்காரப் பெரியவர் அதில் ஒன்றைக் கிள்ளி என் கையில் கொடுத்து வாயில் போடச் சொன்னார். தேனும் உலர்ந்த ஆப்ரிகாட் பழமும் சேர்ந்த மாதிரி ஒரு ருசி, பின்னாலேயே சுரீரென்று புளிப்பு. விலை உயர்ந்த இனிப்பு ஒயின் பெரும்பாலும் அந்த வாளியிலிருந்துதான் வருகிறது.

புளிப்பைத்தான் யாரும் பேசுவதில்லை. கோலாவில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை, அதை வாரக் கணக்கில் குடிப்பவர்கள் ஏறக்குறைய அதில் பாதியே இருக்கிற மோசெல் காபினெட்டை, அதாவது அங்கே செய்கிற லேசான ரக ரீஸ்லிங்கை, பார்த்து முகம் சுளிக்கிறார்கள். அதிலுள்ள அமிலம் அந்த இனிப்பை நாக்கில் உட்காரவே விடாது. அப்புறம் ஜெர்மன் லேபிளில் வரும் காபினெட், ஸ்பேட்லேஸே, அவுஸ்லேஸே என்பதெல்லாம் பறிக்கும்போது பழம் எவ்வளவு பழுத்திருந்தது என்பதன் அளவு, இனிப்பின் அளவு அல்ல. பக்கத்தில் 'ட்ரோக்கன்' என்று போட்டிருந்தால் இனிப்பில்லாதது, லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம் சர்க்கரை.

எல்லை தாண்டி பிரான்ஸின் அல்சாஸுக்குப் போனால் அதே பழம் வேறு ஆள். பெரும்பாலும் இனிப்பே இல்லாமல், கனமாக, ஆல்கஹால் 13 சதவீதம் வரைக்கும். ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங்கில் இனிப்பு இன்னும் குறைவு, எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போன்ற வாசனை. சில வருடம் வைத்திருந்து திறந்தால் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும், கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். வெயில் அதிகம் பட்ட பழத்தில் அது கூடுதலாக வரும், டிடிஎன் என்ற வேதிப்பொருள்தான் காரணம். எனக்குப் பிடிக்கும், என் மனைவி அந்தக் கிளாஸைப் பக்கத்தில்கூட வைக்க விடமாட்டாள்.

குடியை வளர்க்கிறாயா என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: குடிக்காதவர் குடிக்க வேண்டாம், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன். நான் ஒயின் நிபுணரும் இல்லை.

உங்களிடம் சர்க்கரைத் தண்ணீர் என்று சொன்னவர் மாதிரியே ஒருவரை நண்பர் வீட்டு விருந்தில் பார்த்தேன். மிளகுக் கோழி வறுவலுக்கு 14.5 சதவீத சிவப்பு ஒயினை ஊற்றிக்கொண்டு, நான் கொண்டுபோன காபினெட்டை "இது பொம்பளைங்க குடிக்கிறது" என்று நக்கலடித்தார். ஆல்கஹால் காரத்தை இன்னும் ஏற்றிவிடும், இனிப்பு அடக்கும். மனிதர் வியர்த்து விறுவிறுத்து, தண்ணீர் கேட்டு, கடைசியில் யாரும் பார்க்காதபோது என் பாட்டிலிலிருந்து ஊற்றிக்கொண்டார். நான் பார்த்தேன்.

பாட்டில் என்றதும் இதையும் கொட்டிவிடுகிறேன். மோசெல் பாட்டில் பெரும்பாலும் பச்சை, ரைன் பக்கம் பழுப்பு, ஜெர்மனியில் காலி பாட்டில் போட இரண்டுக்கும் தெருமுனையில் தனித்தனி தொட்டி. ஞாயிற்றுக்கிழமை போடக்கூடாது, சத்தம் வருமாம். ஒரு ஞாயிறு மாலையில் மெதுவாக ஒன்றை உள்ளே விட்டதற்கு, எதிர் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து அத்தனை பேர் முன்னால் சத்தம் போட்டார். அவர் நாய் விடியற்காலையில் குரைப்பது மட்டும் எந்தச் சட்டத்தில் வருகிறதோ!

சரி, வாங்குவதற்கு வருவோம். காரச் சாப்பாட்டுக்கு மோசெல் காபினெட், 8 சதவீதம் பக்கத்தில். இனிப்பு ஆகவே ஆகாது என்றால் கிளேர். திருகுமூடி என்றால் மட்டமான சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம், தக்கை ஒயினைக் கெடுக்கிறது என்று அந்தப் பள்ளத்தாக்குக்காரர்கள் 2000-த்திலேயே சேர்ந்து முடிவெடுத்துத் திருகுமூடிக்கு மாறியவர்கள். எதுவானாலும் நன்றாகக் குளிரவைத்துத் திறங்கள்.