புல்வெட்டி மெஷினில் பெட்ரோல் ஒழுகுகிறதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தென்மேற்கு மழை ஓய்ந்ததும் கம்பம் பள்ளத்தாக்கிலும் குமுளிக்கு மேலே ஏலத்தோட்டங்களிலும் மூலையில் கிடந்த மெஷின்களை வெளியே எடுக்கிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பெட்ரோல் ஒழுகல் பற்றியவைதான்.

கேள்வி (கம்பம்): பள்ளி மைதானத்துக்குப் பழைய நான்கு ஸ்ட்ரோக் புல்வெட்டி மெஷின் வைத்திருக்கிறோம். ராத்திரி நிறுத்திவிட்டுப் போனால் காலையில் கார்புரேட்டருக்குக் கீழே நனைந்திருக்கிறது. கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

அவசரப்படாதீர்கள். பெட்ரோல் சொட்டும் இடம் ஒன்று, கசியும் இடம் வேறொன்றாக இருக்கும். இன்ஜின் நன்றாக ஆறியதும் பிளக் கேப்பைக் கழற்றுங்கள். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை பழைய துணியால் துடைத்துவிட்டு, மேலிருந்து கீழாக ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். முதலில் எது ஈரமாகிறதோ அதுதான் இடம்.

டியூப் முனை ஈரமானால் வெடித்த பகுதியை நறுக்கிவிட்டுப் புது கிளிப் போடுங்கள். டியூப் முழுவதும் விறைத்திருந்தால் பெட்ரோலுக்கென்றே விற்கும் டியூப் வாங்குங்கள். மீன் தொட்டிக்குப் போடும், கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் டியூப் சீக்கிரமே கெட்டிப்பட்டு விரிசல் விடும். கார்புரேட்டரின் அடியில் இருக்கும் கிண்ணத்தின் விளிம்பில் ஈரம் என்றால் கேஸ்கட், அடி போல்ட்டில் என்றால் வாஷர். இரண்டும் சில்லறைச் செலவு.

இவை எல்லாம் காய்ந்திருந்து, கார்புரேட்டரின் காற்றுத் துளை வழியாகவோ ஏர் ஃபில்டர் பக்கமோ பெட்ரோல் வழிந்தால், அதுதான் மெக்கானிக்குகள் சொல்லும் 'ஓவர்ஃப்ளோ'. கிண்ணத்துக்குள் இருக்கும் மிதவை மேலே வந்ததும் பெட்ரோலை அடைக்க வேண்டிய ஊசி சரியாக உட்காரவில்லை. டேங்க் பெட்ரோலை வடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழற்றி, மிதவையின் பின்னை உருவி, ஊசியை வெளிச்சத்தில் பாருங்கள். முனையைச் சுற்றி வளையம்போலத் தடம் விழுந்திருந்தால் அது தேய்ந்த ஊசி. மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். சளசளவென்றால் உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறது, அதையும் மாற்றத்தான் வேண்டும். ஊசி உட்காரும் துளையைப் பஞ்சால் துடையுங்கள், கம்பியால் குடையாதீர்கள். மாட்டியபின் கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரும் வழியில் ஒரு சுத்தமான டியூப் மாட்டி லேசாக ஊதுங்கள். காற்று போகக் கூடாது. நேராகத் திருப்பி மிதவை தொங்கும்போது போக வேண்டும். இந்தச் சோதனையில் தேறினால் கார்புரேட்டர் மாற்றும் செலவு மிச்சம்.

கேள்வி (உத்தமபாளையம்): இன்ஜின் ஆயில் தானாக ஏறியிருக்கிறது, பெட்ரோல் வாடையும் அடிக்கிறது. ஓட்டலாமா?

கண்டிப்பாக ஓட்டாதீர்கள். மேலே சொன்ன ஊசிக் கோளாறில் வழிந்த பெட்ரோல் ஆயிலோடு கலந்திருக்கிறது. ஆயில் நீர்த்துப்போய் பேரிங்கும் பிஸ்டனும் தேயும், தீப்பிடிக்கவும் கூடும். முதலில் ஊசியைச் சரிசெய்யுங்கள், பிறகு ஆயிலை முழுக்க மாற்றுங்கள். இனி நிறுத்தும்போதெல்லாம் பெட்ரோல் டேப்பை மூடுங்கள். டேப் இல்லாத மெஷினுக்கு ஒன்று வாங்கிப் பொருத்தலாம்.

கேள்வி (வண்டன்மேடு): தோள்பட்டையில் மாட்டும் இரண்டு ஸ்ட்ரோக் மெஷின். ஜீப்பில் எஸ்டேட்டுக்குக் கொண்டுபோகும்போது ஒழுகுகிறது, வேலை செய்யும்போது இல்லை.

படுக்கவைத்துக் கொண்டுபோகிறீர்கள் என்று நினைக்கிறேன். டேங்க் மூடியின் ரப்பரையும், டியூப்கள் டேங்குக்குள் நுழையும் இடத்து ரப்பரையும் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் வெடிப்பு இருக்கும். புது டியூப்பின் முனையைச் சாய்வாக வெட்டினால் துளையில் சுலபமாக நுழையும். உள்ளே இருக்கும் ஃபில்டர் டேங்கின் அடியைத் தொட வேண்டும்.

ரப்பரை மாற்றினாலும் ஆட்கள் நெருக்கி உட்காரும் ஜீப்பில் நிறைந்த டேங்கோடு மெஷினை ஏற்றாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காலடியிலேயே தேங்கி நிற்கும், ஒரு பீடி நெருப்பு போதும். காலி டேங்கோடு ஏற்றுங்கள். பெட்ரோலை இறுக மூடிய கேனில், ஆட்கள் இல்லாத வண்டியில் அனுப்புங்கள்.

கேள்வி (செங்கோட்டை): டேங்கில் மயிரிழை விரிசல். எம்-சீல் போதுமா?

கொஞ்ச நாள் தாங்கும், பிறகு பெட்ரோல் பட்டு விட்டுவிடும். பிளாஸ்டிக் டேங்க் என்றால் மாற்றிவிடுங்கள். தகர டேங்கில் தெரியாதவர் வெல்டிங் வைக்கவே கூடாது. காலி டேங்கில் நிற்கும் ஆவி வெடிக்கும்.

கேள்வி (மறையூர்): இப்போது வரும் பெட்ரோல்தான் காரணம் என்கிறார்கள். உண்மையா?

ஓரளவு உண்மை. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பே செய்த மெஷின்களின் ரப்பர் அதில் ஊறி உப்பலாம், கெட்டிப்படலாம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். ஒரு மாத வேலைக்கு மேல் பெட்ரோல் வாங்கி வைக்காதீர்கள். மெஷினை மூலையில் போடும்முன் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

கேள்வி (போடி): பிளேடில் ஒட்டிய புல்லைச் சுரண்ட மெஷினைச் சாய்த்தால் வழிகிறது.

சாய்க்கும் பக்கம் தவறு. ஏர் ஃபில்டரும் கார்புரேட்டரும் மேலே இருக்கும்படி சாயுங்கள். அதற்கு முன் பிளக் கேப்பைக் கழற்ற மறக்காதீர்கள்.